ஊவா மலையில் உருண்ட சொல்

பலாங்கொடையிலிருந்து பெரகலைச் சந்தியை நோக்கி மலையேறும் நெடுஞ்சாலையில், ஒரு புறம் செங்குத்தான மலைச்சரிவும் மறுபுறம் தென்திசைத் தாழ்நிலமும் தோன்ற, ஊவா மாகாணத்தின் வாயிலென அமைந்திருக்கும் ஹல்துமுல்லையிலும், அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும், ஆங்கிலம் கற்காத தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக நாள்தோறும் உச்சரித்து வந்த ஆங்கிலச் சொற்களுள் ‘ரோல்’ என்பது ஒன்று. விடியற்காலையிலே தொழிலாளர் வேலைக்கு அணிதிரளும் பெரட்டுக்களத்தில் ஆட்களின் வரவைப் பதிவதற்கென்று வைத்திருந்த கணக்கேடு ‘செக்ரோல்’. மலையிலிருந்து இறங்கிய கொழுந்து வாடிய பின்னர் ‘ஸ்டோர்’ என்னும் தேயிலைத் தொழிற்சாலையிலே அதனை இட்டுத் திரிக்கும் இயந்திரம் ‘ரோலர்’. முன்னது மனிதரின் பெயரைச் சுமப்பது. பின்னது இலையைச் சுருட்டுவது. பெயர்ப் பட்டியலுக்கும் இலைச் சுருளுக்கும் என்ன சம்பந்தம், இரண்டையும் ஒரே பதத்தால் ஆங்கிலேயர் அழைப்பானேன் என்று ஆராயப் புகுந்தால், அந்த ஆராய்ச்சி ரோமாபுரியில் தொடங்கி, பாராளுமன்றச் சட்டங்களைக் கடந்து, இம்மலைகளில் வாழும் மக்களின் சரித்திரத்திலேயே நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

லத்தீன் மொழியில் சக்கரத்துக்கு ‘ரோட்டா’ என்று பெயர். அதிலிருந்து சிறு சக்கரம் என்னும் பொருளுடைய சொல் ஒன்று தோன்றி, பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்தை அடைந்து, ‘ரோல்’ என உருப்பெற்றது. முற்காலத்தில் ஐரோப்பாவில் அரசாங்க ஆவணங்களை ஆட்டுத்தோலில் எழுதி, தோலோடு தோலைத் தைத்து நீட்டி, பின்னர் பாயைப்போலச் சுருட்டி வைப்பது வழக்கமாதலின், சுருட்டப்பட்ட தோலுக்கு அப்பெயர் வழங்கியது. காலப்போக்கில் தோலுக்குரிய பெயர் தோலில் எழுதிய விஷயத்துக்கும் ஆகி, வரி செலுத்துவோர், படைவீரர், வழக்காளிகள் முதலியோரின் பெயர்ப் பட்டியலைக் குறிக்கலாயிற்று. இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிபதிகளுள் ஒருவர் இன்றும் ‘சுருள்களின் அதிபதி’ என்னும் பொருள்படும் பதவிப்பெயரைத் தாங்கி நிற்பது இந்தப் பழைமையின் எச்சமேயாகும். நடிகன் பேசவேண்டிய வசனத்தைச் சுருளில் எழுதிக் கொடுத்தமையால் நாடகத்தில் அவன் ஏற்கும் பாத்திரத்துக்கும் ‘ரோல்’ என்ற பெயர் வந்தது; எழுத்திலே சிறிது வேறுபட்டாலும் பிறப்பிலே இரண்டும் ஒன்றே.

இவற்றினும் நம் சிந்தனைக்குரியது ‘கண்ட்ரோல்’ என்னும் சொல். ஒரு கணக்குச் சுருளைச் சரிபார்ப்பதற்காக அதற்கு எதிராக வைத்திருந்த இரண்டாவது சுருளையே அச்சொல் முதலில் குறித்தது. பிறருடைய கணக்கைச் சரிபார்க்கும் ஏடு எவன் கையில் இருக்கிறதோ அவனே பிறரை அடக்கியாள்வான் என்ற உலகியல் உண்மையால், எதிர்ச்சுருள் என்னும் பொருள் மெல்ல மெல்ல அதிகாரம் என்னும் பொருளாக வளர்ந்தது. தோட்டத்துச் செக்ரோலும் சரிபார்க்கும் ஏடு என்றே பொருள்படுவதாதலின், பொருளால் அதுவும் இதற்கு உடன்பிறப்புப் போன்றதே. அந்த ஏட்டைக் கையில் வைத்திருந்தவர்களிடம் அதிகாரம் எவ்வாறு குவிந்து கிடந்தது என்பதைத் தோட்டத்து மக்களுக்கு எந்த அகராதியும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சக்கரத்தைக் குறித்த அதே லத்தீன் சொல் வேறொரு பாதையாலும் இந்நாட்டை வந்தடைந்தது. பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளில் இலங்கையின் கரையோரத்தை ஆண்ட போர்த்துக்கேயர் சக்கரத்தை ‘ரோடா’ என்றனர். ஊவா அவர்களுக்கு முற்றும் அந்நியமான நிலமன்று. 1630ஆம் ஆண்டில் வெல்லவாயவுக்கு அருகிலுள்ள ரந்தெனிவெலயிலேதான் அவர்களுடைய தளபதி கொன்ஸ்தந்தீன் டி சா கண்டிப் படைகளிடம் தோற்று உயிர்நீத்தார். அவர்கள் அதிகாரம் நீங்கியும் அவர்கள் சொல் நீங்கவில்லை. சிங்களத்திலே ‘ரோதய’ என்றும் இலங்கைத் தமிழிலே ‘ரோதை’ என்றும் அது வேரூன்றியது. தேயிலை ஸ்டோரின் இயந்திரங்களுக்குத் தீங்கு நேராமல் காப்பவராகத் தோட்டத்து மக்கள் வழிபடும் காவல் தெய்வத்துக்கு ‘ரோதமுனி’ என்ற திருநாமமும் ஏற்பட்டது. இன்னும் ஒரு படி பின்னே சென்றால், லத்தீனின் ‘ரோட்டா’வும் வடமொழியின் ‘ரத’மும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்று மொழிநூலார் ஒருமுகமாகக் கூறுவர். ஆகவே கோயில் திருவிழாவில் வடம் பிடித்து இழுக்கும் ரதமும், ஸ்டோரைக் காக்கும் ரோதமுனியும், ரோலர் இயந்திரமும், செக்ரோல் ஏடும் பெயரளவில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாகின்றன.

ஒரு சொல்லும் பல வினைகளும்

ஆங்கிலத்தில் சுழற்சியைக் குறிக்கும் சொற்கள் பலவிருந்தும், ‘ரோல்’ என்னும் ஒன்று சுமக்கும் சுமை பெரிது. கல் உருள்வதும், பாய் சுருள்வதும், குழந்தை படுக்கையில் புரள்வதும், கப்பல் அலையிலே பக்கவாட்டில் சாய்ந்தாடுவதும், இடி தொடர்ந்து முழங்குவதும், முரசு இடைவிடாது அதிர்வதும், மலைநிலம் அலையலையாய் ஏறியிறங்கிக் கிடப்பதும், மாவைத் தேய்த்துப் பரப்புவதும் அம்மொழியில் அந்த ஒரே சொல்லால் அமைந்துவிடும். நம் தேநீர்க்கடைகளின் கண்ணாடிப் பெட்டியில் வடைக்கும் பணிசுக்கும் அருகே அடுக்கப்பட்டு, உள்ளே மசாலாவை அடக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தெடுக்கப்பட்டிருக்கும் ‘ரோல்ஸ்’ என்ற தின்பண்டமும் அச்சொல்லின் உபயமே.

தமிழோ ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே நோக்கிப் பெயரிட்டிருக்கிறது. தன்னைத்தானே சுற்றிக்கொண்டு இடம்பெயர்வது உருளுதல். தன் நீளத்தைத் தனக்குள் அடக்கிக்கொண்டு வட்டமாய் மடிவது சுருளுதல். கிடந்த இடத்திலேயே மேல் கீழாக மாறுவது புரளுதல். ஓர் அச்சைப் பற்றி விரைந்து திரும்புவது சுழலுதல். சிதறிக் கிடந்தவை கூடி ஒன்றாவது திரளுதல். பிறர் செய்விக்கும்போது இவையே உருட்டலும் சுருட்டலும் புரட்டலும் சுழற்றலும் திரட்டலும் ஆகின்றன. அவை உடலசைவோடு நின்றுவிடவுமில்லை. மிரட்டலோடு உருட்டல் சேர்கிறது; பிறர் பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறான் ஒருவன்; பொய்யுரை புரட்டாகிறது; சமுதாயம் மேல்கீழாக மாறுவது புரட்சியாகிறது. புரட்சிக்கு ஆங்கிலேயர் வழங்கும் ‘ரெவல்யூஷன்’ என்ற சொல்லும் உருட்டுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையொன்றிலிருந்து பிறந்ததே என்பதை அறியும்போது, தம்முள் தொடர்பற்ற இரு மொழிகள் மனித வாழ்வின் பெருமாற்றத்தை ஒரே விதமாகக் கண்டிருப்பது வியப்பைத் தருகிறது. தமிழ் வாங்கிக்கொள்ளும் மொழியாக மட்டும் இருந்ததுமில்லை: புகையிலையைச் சுருட்டிச் செய்த ‘சுருட்டு’ நம்மிடமிருந்தே ஆங்கிலத்துக்குச் சென்று ‘செரூட்’ என்று அவர்கள் அகராதியில் இடம்பெற்றுள்ளது.

இலை சுருளும் இடம்

இத்தனை வினைகளும் ஒருங்கே நிகழும் ஓரிடத்தைக் காண விரும்புவோர் தேயிலை ஸ்டோருக்குள் செல்ல வேண்டும். 1867ஆம் ஆண்டில் கண்டிச் சீமையின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் முதன்முதலாக வர்த்தகத்துக்கெனத் தேயிலையைப் பயிரிட்டபோது, அவருடைய பங்களா விறாந்தையில் மேசைகளை இட்டு, கொழுந்தைக் கையாலேயே உருட்டினார்கள். கோப்பிச் செடிகளை 1869 முதல் பற்றிய இலைநோய் அப்பயிரை அழித்து, மலைநாடெங்கும் தேயிலை பரவியபின், அவ்வளவு கொழுந்தையும் மனிதக் கை உருட்டி மாளாதாகையால், உருட்டும் இயந்திரங்கள் விருத்தியடைந்தன. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன், ஹல்துமுல்லைக்கு மேலேயுள்ள அப்புத்தளை மலைத்தொடரில் தம்பேதென்னை முதலிய தோட்டங்களை வாங்கியது, இயந்திரத்தால் தேயிலைத் தொழில் பெருகிய அக்காலத்திலேதான்.

பழைய முறைப்படி தேயிலை ஆக்கும் ரோலரின் அமைப்பு எளியது. அதன் செயலோ நுட்பமானது. அகன்ற வட்ட மேசையொன்று. அதன் நடுவில் கூம்பு. கூம்பைச் சுற்றிலும் பிறை வடிவில் வளைந்த வரம்புகள். மேசையின்மீது அடியில்லாத பெரிய உருளை. உருளைக்குள் மேலிருந்து இறங்கி இலையை அழுத்தும் மூடி. பல மணி நேரம் காற்றில் வாடித் துவண்ட கொழுந்தை உருளைக்குள் நிரப்பி இயந்திரத்தை ஓட்டினால், உருளை நின்ற நிலையில் சுழலாமல், வட்டமிட்டபடி மேசைமேல் அசைகிறது. உள்ளேயிருக்கும் இலைத் திரள் கூம்பிலும் வரம்புகளிலும் மோதிப் புரண்டு, கீழிருந்து மேலும் மேலிருந்து கீழுமாக மாறிமாறி வருகிறது. இலையின் உயிரணுக்கள் கசங்கி உடைய, உள்ளிருந்த சாறு வெளிப்பட்டு இலைமேல் படர்கிறது. காற்றிலுள்ள பிராணவாயு அச்சாற்றைத் தொட்ட கணத்திலிருந்து, பச்சை நிறம் செம்பு நிறத்தை நோக்கியும் பச்சிலை வாசனை தேயிலை மணத்தை நோக்கியும் மாறத் தொடங்குகின்றன. முதல் உருட்டலில் அழுத்தம் மிகுதியாகக் கொடுப்பதில்லை. கொடுத்தால் இலை சுருளுமுன் நொறுங்கிவிடும். அரை மணி நேரமளவில் இறக்கிச் சல்லடையில் அரித்து, கீழே விழும் நுண்ணிய பகுதியை ‘முதல் தூள்’ என்று பிரித்தெடுத்து, எஞ்சியதை மீண்டும் ரோலரில் இட்டு, இம்முறை அழுத்தத்தைக் கூட்டி உருட்டுவார்கள். தூள் என்னும் சொல்லை ஆங்கிலேயத் துரைமாரும் மாற்றாமல் தம் தொழில்மொழியில் ஏற்றுக்கொண்டனர். வெப்பம் ஏறினால் குணம் கெடுமாதலின், இரவின் குளிர்ச்சி நீங்குமுன்னரே ஸ்டோரில் இவ்வேலை மும்முரமாக நடப்பதுண்டு. ஆடி ஆவணி மாதங்களில் ஊவாச் சரிவுகளின்மேல் வீசும் வறண்ட காற்றிலே விளைந்த கொழுந்துக்கு உலகச் சந்தையில் தனிமதிப்பைத் தேடித் தரும் அபூர்வ வாசனை, இந்தச் சுருளுதலில் தவறு நேர்ந்தால் கிடைக்காமலே போய்விடும்.

ஸ்டோரில் சுருண்ட இலை துறைமுகத்தை அடைய இருப்புப்பாதை வேண்டியிருந்தது. 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய அந்தப் பாதையும் ஓரிடத்தில் சுருண்டே செல்கிறது. தெமோதரையில், செங்குத்தான இறக்கத்தைச் சமாளிப்பதற்காக, நிலையத்தை விட்டு நீங்கும் தண்டவாளம் குன்றைச் சுற்றி வந்து, அந்நிலையத்துக்கு நேர் கீழே அமைந்த சுரங்கத்தில் புகுந்து வெளிப்படுகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பவும் சுற்றிக் கட்டியதைக் கண்ட பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இந்த உபாயத்தை உணர்ந்தார் என்று ஊவாவில் ஒரு கதை வழங்குகிறது. அது கர்ணபரம்பரையே எனினும், நாட்டுக்கே பெருமையாய் நிற்கும் ஒரு பொறியியற் சாதனையின் பிறப்பில் ஒரு தமிழ்க் கங்காணியின் தலைப்பாகைக்கு இடமளித்த மக்கள் மனம் போற்றத்தக்கது.

பெயர் ஏறிய ஏடும் பெயர் நீங்கிய ஏடும்

இலையைப் பற்றிய ‘ரோல்’ இவ்வாறிருக்க, மனிதரைப் பற்றிய ‘ரோல்’ மேலும் ஆழ்ந்த கவனத்துக்குரியது. ‘பெரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே பெரட்டு எனத் திரிந்தது. அந்தக் களத்தில் நின்றவர்களின் பெயர் செக்ரோலில் ஏறியது. ஏட்டின் இடப்பக்கத்தில் வரிசை எண்ணும் பெயரும். அவற்றுக்கு எதிரே மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். இறுதியில் உழைத்த நாட்களின் தொகையும் சம்பளமும். அந்தச் சம்பளத்திலிருந்து முன்பணம், அரிசிக் கடன், வண்ணார் நாவிதர் கூலி, கோயில் பணம் என்று கழிபவையும். ஒரு நாள் முழு வேலைக்குத் தோட்டத் தமிழில் ‘பேர்’ என்றே பெயர். குறித்த அளவு கொழுந்து குறைந்தால் ‘அரைப் பேர்’. பெயர் என்பது மனிதனின் முழுமையைக் குறிப்பது. அதனையே பாதியாக அறுத்து எழுதும் வழக்கம் வேறெந்தத் தமிழ்ப் பகுதியிலாவது இருந்ததா என்று எண்ணும்போது நெஞ்சம் வருந்துகிறது. தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அக்கடனோடு அவரையும் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற்றிய ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டின் சட்டத்தாலேதான் ஒழிந்தது.

தோட்டத்து ஏட்டில் ஒரு நாளும் தவறாமல் இடம்பெற்ற இப்பெயர்கள் நாட்டின் ஏட்டில் எவ்வாறு இருந்தன? 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் இலங்கையில் சர்வஜன வாக்குரிமை வந்தது. பல நிபந்தனைகளுக்கு உட்பட்டேனும் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் ஏறின. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர்களுடைய கட்சியாகிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களுடைய பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்தும் நீக்கியது. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட அதே மனிதர், தேர்தல் நாளிலே பெயரில்லாதவராக நின்றார். 1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையே கைச்சாத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற 9,75,000 பேரின் தலைவிதியைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யலாம் என்று பிரித்து வைத்தது. குடும்பங்கள் பிரிந்தன, ஊவாவின் லயக் குடியிருப்புகளிலிருந்து புறப்பட்டவர்கள் நீலகிரியிலும் பிற இடங்களிலும் மீண்டும் முதலிலிருந்து வாழ்க்கையைத் தொடங்கினார்கள். எஞ்சியோரின் பெயர்கள் படிப்படியாக நாட்டின் ஏட்டில் ஏறி, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின்னரே நாடற்றோர் என்னும் அவப்பெயர் நீங்க வழி பிறந்தது. பெயர் நீக்குவதற்குச் சட்டங்கள் நிறைவேற ஓராண்டு போதியதாயிருந்தது. அதனைச் சீராக்க அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

பெயரேட்டின் அருமையை ஹல்துமுல்லைப் பிரதேசம் இன்னொரு முறையும் கொடிய விதமாக உணர நேர்ந்தது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில், இப்பிரதேசத்துக்குட்பட்ட கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், மழையில் ஊறிய மலைச்சரிவு பெயர்ந்து புரண்டு, லயங்களையும் அவற்றிலிருந்தோரையும் மூடியது. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் தாய் தந்தையரின்றித் தனித்து நின்றனர். மண்ணுக்குள் அகப்பட்டோர் எத்தனை பேர் என்ற கணக்கு முதல் நாட்களில் நாளுக்கு நாள் மாறிக்கொண்டேயிருந்தது. எவர் எந்த லயத்தில், எந்தக் காம்பராவில் வாழ்கிறார் என்பதைத் திருத்தமாகக் கூறும் ஏடு ஆபத்து வேளையில் உடனே கைக்கு எட்டுவது எவ்வளவு இன்றியமையாதது என்பதை அந்நாட்கள் உணர்த்தின. செக்ரோலில் வேலையாட்களின் பெயர் இருக்கும். முதியோரின் பெயரும் கைக்குழந்தைகளின் பெயரும் அதில் இருப்பதற்கில்லை. உழைப்பை எண்ணுவதற்கு அமைந்த ஏடு உயிர்களை எண்ணுவதற்குப் போதாது.

ஒரு சொல்லின் பல பொருள்களைத் தொகுப்பது அகராதிக்காரரின் கடமை. அப்பொருள்களுள் எது எவர் வாழ்வில் எவ்வளவு பாரமாக அமைந்தது என்று எழுதி வைப்பது அம்மொழியைப் பேசும் சமுதாயத்தின் கடமை. மலையகத்துக்கு அந்தக் கடமை இன்னும் மிகுதியாக இருக்கிறது. தோட்ட அலுவலகங்களின் பழைய செக்ரோல்கள் கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகாமல் ஆவணக் காப்பகங்களில் சேர்க்கப்பட வேண்டும். தம் முன்னோர் எந்த ஆண்டில் எந்த மலையில் உழைத்தார்கள் என்பதற்குப் பல குடும்பங்களுக்கு அவற்றைவிட வேறு சான்றில்லை. பெரட்டு, பேர், ரோதை, துண்டு, தூள் முதலிய தொழிற்சொற்களை, அவற்றை நாவால் வழங்கிய முதியோர் இருக்கும்போதே, ஊவாவின் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்டுத் தொகுத்து அச்சிட வேண்டும். பிறப்புப் பதிவிலும் அடையாள அட்டையிலும் சேமலாப நிதி ஏட்டிலும் ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டு, அதனால் முதுமையில் தமக்குரிய பணத்துக்காகவே அலையும் தொழிலாளர் நிலை மாறுவதற்கு, பெயரைத் தமிழில் சரியாகக் கேட்டுச் சரியாக எழுதும் அலுவலர் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் இருத்தல் வேண்டும். உழைத்தவரின் பெயரைப் பிழையின்றி முழுமையாக எழுதுவது ஒரு சலுகையன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டின் செல்வத்தை உருட்டித் திரட்டிக் கொடுத்த கைகளுக்கு நாடு செலுத்தவேண்டிய முதற்கடன் அது.